பதினொரு நாள் காற்று

அக்கா: அதுல கை வைக்காதீங்க. மத்த நாலையும் எடுத்துட்டுப் போங்க. இந்தப் பெரிய படம் வரல.

வேன்காரர்: லிஸ்ட்ல அஞ்சுன்னு போட்டிருக்காங்களேம்மா...

அக்கா: லிஸ்ட்ல ஆயிரம் போட்டிருப்பாங்க. கீழ வைங்க.

ஓவியன்: அக்கா, அவரை வேலை பார்க்க விடு. அண்ணே, நீங்க தூக்குங்க.

அக்கா: தூக்கட்டும். நானும் ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டே வேன் வரைக்கும் வரேன். வேன்லயும் ஏறிக்கறேன்.

வேன்காரர்: சார், அக்காவும் தம்பியும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் நான் சின்னதுங்களை இறக்கறேன். மாடிப்படி வேற குறுகல். ஒண்ணொண்ணாத்தான் போகணும்.

ஓவியன்: ஓரத்தைப் பிடிச்சு எடுங்கண்ணே. நடுவுல விரல் படக் கூடாது. இன்னும் ஈரம்.

அக்கா: எப்ப முடிச்சது இதெல்லாம்?

ஓவியன்: போன வாரம்.

அக்கா: இன்னுமா காயல?

ஓவியன்: எண்ணெய்ப் பெயின்ட் அப்படித்தான். நாள்கணக்கா பிசுபிசுன்னுதான் இருக்கும். உங்க பஸ் பெயின்ட் மாதிரி கொஞ்ச நேரத்துல கல்லாகிடாது. ஏன் நின்னுட்டே இருக்கே? உட்காரு.

அக்கா: உட்கார வரல.

ஓவியன்: டீ போடட்டா?

அக்கா: ஆஸ்பத்திரியில இருந்து நேரா வரேன். டீ குடிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?

ஓவியன்: மாமா எப்படி இருக்கார்?

அக்கா: ஒன்பது நாள் ஆச்சு, இப்பவாவது கேட்கத் தோணுச்சே.

ஓவியன்: கண்காட்சி வேலை, அக்கா... தலைக்கு மேல...

அக்கா: தொண்டையில குழாய் போட்டிருக்காங்க. பேச முடியாது. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கேன். அதுல எழுதிக் காட்டறார்.

ஓவியன்: என்ன எழுதறார்?

அக்கா: தண்ணின்னு எழுதுவார். ஜன்னலைத் திறன்னு எழுதுவார்.

ஓவியன்: வேற?

அக்கா: வேற ஒண்ணும் இல்ல.

ஓவியன்: நாளைக்குக் கண்டிப்பா வரேன். இன்னைக்குத் திறப்பு விழா. இந்தப் பெரிய படத்தை நடுச் சுவர்ல மாட்டறாங்க. உள்ள நுழைஞ்சதும் முதல்ல கண்ணுல படறது இதுதான். பதினஞ்சு வருஷத்துல எனக்கு நடுச் சுவர் கிடைக்கறது இதுதான் முதல் தடவை, தெரியுமா?

அக்கா: இன்னைக்கு மூணு மணிக்கு எங்களுக்கும் ஒண்ணு இருக்கு. தொழிலாளர் ஆபீஸ்ல விசாரணை.

ஓவியன்: என்ன விசாரணை?

அக்கா: என் புருஷன் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே ஷெட்டுக்குள்ள மூச்சு முட்டி விழுந்தாரே, அதுக்கு யார் பொறுப்புன்னு. முதலாளி எழுதிக் கொடுத்துட்டான். “எக்ஸாஸ்ட் ஃபேன் நல்லாத்தான் ஓடுது. பெயின்ட் ஈரமா இருக்கும்போது தூசி வந்து ஒட்டுதுன்னு ஸ்ப்ரேக்காரரே ஃபேனை நிறுத்திட்டு வேலை செஞ்சிருக்கார். தப்பு அவரோடது.” கையெழுத்து, சீல், எல்லாம் இருக்கு.

ஓவியன்: அப்படி சில பேர் செய்வாங்கதானே...

அக்கா: எப்படி?

ஓவியன்: தூசிக்காக ஃபேனை நிறுத்தறது.

அக்கா: செய்வாங்க. அவர் செய்ய மாட்டார். இருபது வருஷமா அந்த ஷெட்ல ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கிறவர். முதல்ல ஃபேன், அப்புறம்தான் மாஸ்க், அப்புறம்தான் கன். புதுசா வர்றவங்களுக்கு அவர்தான் அதைச் சொல்லிக் கொடுப்பார். அவர் தலையில கட்டிட்டா முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கைகழுவிடுவான். வேலையும் போச்சு. அதைவிட... குழாய் வழியா மூச்சு விட்டுக்கிட்டுப் படுத்திருக்கிற மனுஷனைப் பார்த்து, உன் முட்டாள்தனம்தான்னு சொல்லுவாங்க. அதை நான் கேட்டுக்கிட்டு நிக்கணும்.

ஓவியன்: சரிக்கா. அதுக்கு இந்தப் படம் எதுக்கு?

அக்கா: இதுல ஷெட் இருக்கு. பஸ் இருக்கு. அவர் இருக்கார். ஃபேன் இருக்கு. இதைக் கொண்டுபோய் அதிகாரி மேஜை முன்னாடி நிறுத்தப் போறேன்.

ஓவியன்: பைத்தியமா உனக்கு? அது படம்க்கா. சாட்சி இல்ல. எந்த ஆபீஸ்ல படத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வாங்க?

அக்கா: நீ யாரு?

ஓவியன்: என்ன கேள்வி இது?

அக்கா: சொல்லு. ஊரெல்லாம் உன்னை என்னன்னு சொல்றாங்க? உள்ளதை உள்ளபடி வரையறவன். கண்ணால பார்க்காத ஒரு மயிரைக்கூட வரைய மாட்டேன்னு சொல்லிச் சொல்லியே எங்க காதைத் தேய்ச்சவன். என் கல்யாணத்துக்கு என்னை வரைஞ்சியே, மூக்கு மேல ஒரு பரு வச்சு...

ஓவியன்: பரு இருந்துச்சு.

அக்கா: மூணு நாள்ல போயிடுச்சு. படத்துல இருந்து போகல. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் இன்னும் என் மூக்கைப் பார்க்கறாங்க. அதை அழிடான்னு அழுதேன். என்ன சொன்னே?

ஓவியன்: அக்கா, அது வேற...

அக்கா: “அழிச்சா அது படம் இல்ல, பொய்”னு சொன்னே. அந்த வாயால இப்ப சொல்லு. இந்தப் படத்துல பொய் ஏதாவது இருக்கா?

ஓவியன்: ...இல்ல.

அக்கா: அப்போ அதிகாரி பார்க்கட்டும்.

வேன்காரர்: ரெண்டு இறக்கியாச்சு. சார், கீழ தையல்கடைக்காரர் வேனை நகர்த்தச் சொல்லிச் சத்தம் போடறார். பெரிசு வருதா, இல்லையா?

ஓவியன்: வருது.

அக்கா: இல்ல.

வேன்காரர்: ரொம்பத் தெளிவா இருக்கு. நான் மூணாவதை எடுத்துக்கறேன்.

அக்கா: இங்க வா. இப்படி நில்லு. இந்தக் கலரை எப்படி கலந்தே?

ஓவியன்: எது?

அக்கா: இது. மேல கண்ணாடிக் கூரையில இருந்து சாய்வா இறங்குதே, மாமா தோள் மேல, பஸ் மேல. இந்தப் புகை மாதிரி.

ஓவியன்: இப்ப எதுக்கு அது?

அக்கா: நானும் கலர் கலந்துதான் சோறு தின்கிறேன். கேட்கக் கூடாதா? அடிபட்ட வண்டிக்குப் பக்கத்துக் கதவு எந்த நிறமோ அதே நிறத்தைக் கொண்டு வர்றவ நான். எனக்கே இது பிடிபடல. சொல்லேன்.

ஓவியன்: அது... காவி மஞ்சள் டியூப். அதுல ஒரு துளி ஊதா. ஊதா போட்டா மஞ்சள் அழுக்காகும். செத்துப் போகாது, அழுக்காகும். அப்புறம் கத்தி நுனியில கொஞ்சம் வெள்ளை. கறுப்பு கிடையாது. நான் டியூப் கறுப்பைத் தொடவே மாட்டேன். அந்த ஷெட்ல கறுப்பே கிடையாதுக்கா, டயர்கூட நீலம்தான். இந்தக் கலருக்காக மூணு நாள் போராடினேன். தட்டுல வச்சே கலந்தா வரல. விரல்ல எடுத்து, பெருவிரலால தேய்ச்சு... அப்பதான் காத்து மாதிரி வந்துச்சு.

அக்கா: பெருவிரலால.

ஓவியன்: ஆமா. ஒரு இடத்தை வரையறதுன்னா சுவரையும் தரையையும் வரையறது இல்லக்கா. நடுவுல இருக்கிற காத்தை வரையணும். அது வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும். இந்தப் படத்துலதான் எனக்கு முதல் தடவையா அது கிடைச்சுது. பார்க்கறவங்களுக்குத் தொண்டை கமறணும். கமறுது. கண்காட்சிக்காரர் பார்த்துட்டு இருமினார்.

அக்கா: இருமினாரா.

ஓவியன்: ...நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

அக்கா: உங்க மாமாவும் இருமினார். ரத்தத்தோட.

ஓவியன்: அக்கா...

அக்கா: பள்ளிக்கூட பஸ் அது. மஞ்சள். பெயின்ட்டைச் சீக்கிரம் இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து நான்தான் டப்பா டப்பாவா அனுப்பினேன். கன்ல இருந்து தெறிக்கிற பனிதான் இது. ஃபேன் ஓடினா இது நிக்காது. இழுத்துக்கிட்டுப் போயிடும். இங்க நிக்குது. ஆறடி ஆளை முழுங்கற அளவுக்கு நிக்குது. சரியா?

ஓவியன்: சரி.

அக்கா: அந்தப் பின்சுவர்ல ஃபேன் இருக்கு. றெக்கையை எண்ணு.

ஓவியன்: அக்கா, நேரமாச்சு.

அக்கா: எண்ணுடா.

ஓவியன்: அஞ்சு.

அக்கா: அஞ்சும் தனித்தனியாத் தெரியுது. ஒவ்வொண்ணு ஓரத்துலயும் அழுக்குக்கூடத் தெரியுது. ஓடற ஃபேன்ல அழுக்கு தெரியுமா?

ஓவியன்: ஓடற ஃபேனை வரைய முடியாது. அதனால நிக்கற மாதிரி வரைஞ்சேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.

அக்கா: எல்லாரும் செய்வாங்க. நீ செய்ய மாட்டே. இதோ, அதுக்குக் கீழயே கன்னுக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசரோட சக்கரம். அதை எப்படி வரைஞ்சிருக்கே? ஒரு ஆரக்கால்கூடத் தெரியல. சுத்தற சுத்துல சாம்பல் வட்டமா இருக்கு. சக்கரம் ஓடுது, ஃபேன் நிக்குது. ரெண்டையும் பார்த்துத்தானே வரைஞ்சே?

ஓவியன்: ஃபேன் ரிப்பேரா இருந்திருக்கும்.

அக்கா: அன்னைக்கு அவர் விழுந்து கிடந்தப்ப சுவிட்சைப் போட்டது நான். உடனே ஓடுச்சு. மறுநாள் தொழிலாளர் அதிகாரியோட வந்த எலெக்ட்ரீஷியனும் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டார். ரிப்பேர் இல்ல.

ஓவியன்: அப்போ கரண்ட் போயிருக்கும்.

அக்கா: சக்கரம் ஓடுதுன்னு இப்பதானேடா சொன்னேன்! கம்ப்ரசருக்கு மட்டும் கரண்ட் வந்துச்சா? யார்கிட்ட கரடி விடறே?

ஓவியன்: கத்தாதே. கீழ கேட்கும்.

அக்கா: கேட்கட்டும். தையல்கடைக்காரரும் வந்து எண்ணட்டும்.

ஓவியன்: சரி. கற்பனை. போதுமா? அந்தப் பனி, அந்த வெளிச்சம், நின்ன ஃபேன், எல்லாம் என் கற்பனை. அங்க அப்படி இல்ல. நான் அழகுக்குச் சேர்த்துக்கிட்டேன்.

அக்கா: இன்னொரு தடவை சொல்லு.

ஓவியன்: கற்பனைன்னு சொன்னேன்.

அக்கா: இதையே இன்னைக்குச் சாயங்காலம் அந்த நடுச் சுவர் முன்னாடி நின்னு சொல்லுவியா? பேப்பர்க்காரங்க வருவாங்களே, அவங்ககிட்ட?

ஓவியன்: அவங்க அதெல்லாம் கேட்க மாட்டாங்க.

அக்கா: சொல்ல மாட்டே. அங்க போனதும் “பதினொரு நாள் அந்த ஷெட்ல அதே ஸ்டூல்ல, சாக்பீஸால குறி போட்டு, அதே பதினொரு மணி வெளிச்சத்துல உட்கார்ந்தேன்”னு ஆரம்பிப்பே. எங்களுக்கு மட்டும் கற்பனை. எங்ககிட்டப் பூசி மெழுகிட்டுப் போயிடலாம், இல்ல?

ஓவியன்: நான் யாரையும் ஏமாத்தல.

அக்கா: அந்த ஸ்டூல் யாரு போட்டுக் கொடுத்தது?

ஓவியன்: மாமாதான்.

அக்கா: முதலாளிகிட்ட நின்னு கெஞ்சினார் உனக்காக. “என் மச்சான் பெரிய ஓவியன் சார், ஒரு ஓரமா உட்கார்ந்துக்குவான்”னு. மதியம் தன் டப்பாவுல இருந்து பாதிச் சோறு உனக்கு. நாங்க செய்யற வேலையை நாலு பேர் பார்க்கட்டும்னு அவ்வளவு ஆசை அவருக்கு. பழைய சட்டை போட்டிருக்கேன், பரவாயில்லையான்னு என்கிட்டக் கேட்டுட்டுப் போனார் முதல் நாள்.

ஓவியன்: தெரியும்க்கா.

அக்கா: எது தெரியும்?

ஓவியன்: சட்டை. காலர் கிழிஞ்சிருந்துச்சு. வரைஞ்சிருக்கேன்.

அக்கா: ஆமா. வரைஞ்சிருக்கே. அவர் சட்டைக் காலர் தெரிஞ்சிருக்கு உனக்கு. காது பின்னாடி மாஸ்க் நாடா அறுத்த தழும்பு தெரிஞ்சிருக்கு. ஃபேன் நின்னது தெரியலையா?

ஓவியன்: அந்த மாஸ்க்குல பஞ்சு மாத்தி நாலு மாசம் ஆச்சு. அதைக் கேளு போய் முதலாளிகிட்ட! அவனைப் பிடிக்காம என்னைப் பிடிச்சு உலுக்கறே.

அக்கா: கேட்பேன். அதையும் கேட்பேன். அவனை விடப் போறது இல்ல. இப்ப உன்னைக் கேட்கறேன். யாரு நிறுத்தினது?

ஓவியன்: எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: தூசி வராம இருக்க கதவைச் சாத்திட்டுத்தான் வேலை. ஷெட்டுக்குள்ள அவர். ஸ்டூல்ல நீ. பக்கத்துக் கலவை ரூம்ல நான், அதுக்கும் கதவு சாத்தியிருக்கும். நாலாவது ஆள் கிடையாது.

ஓவியன்: அப்போ மாமாவே நிறுத்தியிருப்பார்.

அக்கா: அவரா?

ஓவியன்: இல்லக்கா, யோசிச்சுப் பாரு. தூசி ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடக்காரங்க வேற அவசரப்படுத்தினாங்க. ஒரு அரைமணி நேரம் நிறுத்திக்கலாம்னு அவரே...

அக்கா: செருப்பு பிஞ்சுடும்.

ஓவியன்: அக்கா!

அக்கா: தொண்டையில குழாய் இருக்கிறவரைப் பத்திப் பேசறே. திருப்பிச் சொல்ல முடியாதவரைப் பத்தி. முதலாளி சொன்னான், அவன் ஊரான். நீயும் அதையே சொல்றியாடா? அவன் எழுதின வரியை அப்படியே படிக்கிறே?

ஓவியன்: நான் ஒரு யோசனை சொன்னேன்...

அக்கா: படத்தைப் பாரு! நீ வரைஞ்ச படத்தைப் பாரு. ரெண்டு கையும் கன்ல இருக்கு. முதுகு கதவுப் பக்கம். சுவிட்சு கதவுக்கிட்ட இருக்கு, உன் ஸ்டூலுக்கு அரைக் கை தூரத்துல. பதினொரு நாளும் அவர் அந்தப் பக்கம் திரும்பலன்னு உன் படமே சொல்லுது. நீ எதுக்குடா வாயைத் திறக்கறே?

வேன்காரர்: அம்மா, தண்ணி ஏதாவது குடிங்க முதல்ல. சார், மூணு முடிஞ்சது. இது நாலாவது. இதுல யாரோ ஒரு பெரியவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கார். இது போகலாமா?

ஓவியன்: எடுங்கண்ணே.

வேன்காரர்: இதுல சண்டை இல்லையே?

அக்கா: இல்ல. எடுத்துட்டுப் போங்க.

ஓவியன்: அக்கா, உட்காரேன். தண்ணி எடுத்துட்டு வரேன்.

அக்கா: தண்ணி வேணாம். பதில் சொல்லு.

ஓவியன்: என்ன சொல்லணும்?

அக்கா: நீ வந்த முதல் நாள் ஃபேன் ஓடுச்சா?

ஓவியன்: ஓடுச்சு.

அக்கா: என்ன தெரிஞ்சுது?

ஓவியன்: ஒண்ணும் தெரியல. அதான் பிரச்சினை. நாலு சுவர், ஒரு பஸ், ஒரு ஆள். எல்லாம் துடைச்சு வச்ச மாதிரி. வெளிச்சம் மேல இருந்து விழுது, ஆனா விழறது தெரியல. படமே இல்ல அங்க.

அக்கா: ரெண்டாவது நாள்?

ஓவியன்: ரெண்டாவது நாள் நிஜமாவே கரண்ட் போச்சு. பத்து நிமிஷம். ஃபேன் நின்னுடுச்சு. கம்ப்ரசர் டேங்க்ல மிச்சம் இருந்த காத்துல மாமா அடிச்சுக்கிட்டே இருந்தார், பாதியில நிறுத்தினா திட்டு விழும்னு. அப்ப... அக்கா, அந்தப் பனி எழும்பி அந்த வெளிச்சத்துல நின்னுச்சு பாரு. அசையாம. காத்துக்கு உடம்பு வந்த மாதிரி. அதுக்குள்ள மாமா நிக்கறார். பாதி ஆள், பாதி மஞ்சள். என் ஜென்மத்துல அப்படி ஒண்ணு பார்த்தது இல்ல. பிரஷ்ஷை எடுக்கறதுக்குள்ள கரண்ட் வந்துச்சு. ஃபேன் ஒரே இழுப்புல எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அக்கா: மூணாவது நாள்?

ஓவியன்: மூணாவது நாளும் அப்படித்தான்...

அக்கா: மூணாவது நாள் கரண்ட் போகல.

ஓவியன்: போகல.

அக்கா: சொல்லு.

ஓவியன்: நினைவுல இருந்து வரைய எனக்கு வராதுக்கா. உனக்கே தெரியும். எதிர்ல இருந்தாத்தான் கை ஓடும். இல்லாததை என்னால...

அக்கா: சொல்லுடா.

ஓவியன்: நான்தான் நிறுத்தினேன்.

அக்கா: எவ்வளவு நேரம்?

ஓவியன்: இருபது நிமிஷம்தான். அப்புறம் போட்டுடுவேன். தினமும் இருபது நிமிஷம். கம்ப்ரசர் சத்தத்துல மாமாவுக்குக் கேட்காது, கண்ணுல போட்ட கண்ணாடியில பெயின்ட் படிஞ்சு பனியும் தெரியாது. ரெண்டு பேருக்கும் மாஸ்க் இருக்கே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். ஒரு நாள் அரைமணி ஆச்சு. அப்புறம் ஒரு நாள் ஒரு மணி நேரம். வெளிச்சம் நகர்ற வரைக்கும். சத்தியமா எனக்கு அது விஷம்னு தோணலக்கா. எனக்கு அது கலர். வெறும் கலர்.

அக்கா: அவர் விழுந்த அன்னைக்கு?

ஓவியன்: அன்னைக்குக் காலையில கண்காட்சிக்காரர் போன் பண்ணினார். நடுச் சுவர் உனக்குத்தான்னு. ஷெட்ல சத்தமா இருக்கேன்னு வெளிய போய்ப் பேசினேன். பேசிக்கிட்டே தெருவுக்கு வந்துட்டேன். சந்தோஷத்துல அப்படியே ரூமுக்கு வந்து மிச்சத்தை வரைய உட்கார்ந்துட்டேன். ஃபேன்... எனக்கு ஃபேன் ஞாபகமே இல்லக்கா. நீ சாயங்காலம் போன் பண்ணி அவர் விழுந்துட்டார்னு சொன்னப்பதான்...

அக்கா: பதினொரு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும்.

ஓவியன்: ஆமா.

அக்கா: நான் பக்கத்து ரூம்ல டப்பா கலக்கிக்கிட்டு இருந்தேன். ஃபேன் சத்தம் இல்லைன்னு எனக்காவது உறைச்சிருக்கணும். எனக்கும் உறைக்கல. அது என் வயித்தெரிச்சல். நீ அதுல பங்குக்கு வராதே.

ஓவியன்: அழகா இருந்துச்சுக்கா. வேற எதுவும் தோணல. அவ்வளவு அழகா இருந்துச்சு.

அக்கா: அது அவர் மூச்சுடா! நீ காத்துன்னு வரைஞ்சது அவர் நெஞ்சுக்குள்ள போயிட்டு இருந்துச்சு. நீ பெருவிரலால தேய்ச்சுத் தேய்ச்சு வரைஞ்சே, அவர் இழுத்து இழுத்து உள்ள வாங்கினார். உள்ளதை உள்ளபடி வரையறவனாம்! இல்லாததை உண்டாக்கி வச்சுட்டு அதை உள்ளபடி வரைஞ்சிருக்கே. என் மூக்குல ஒரு பருவை அழிக்க மாட்டேன்னவன், ஒரு ஆளையே அழிக்கப் பார்த்திருக்கே.

ஓவியன்: அடிச்சுக்கோ. நல்லா அடி.

அக்கா: உன்னை அடிச்சு என்ன ஆகப் போகுது?

ஓவியன்: ஒன்பது நாளா நான் தூங்கலக்கா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். படி ஏற முடியல. இதைச் சொன்னா படம் போச்சு. நடுச் சுவர் போச்சு. என்னை நம்பினவங்க எல்லாரும்... நான் நிஜத்தை வரையறவன்னு சொல்லித்தான் நாலு பேருக்கு என்னைத் தெரியும். அது பொய்னு ஆச்சுன்னா நான் யாருக்கா?

அக்கா: அதை அவர் முன்னாடி நின்னு கேளு.

வேன்காரர்: சார், நாலும் ஏத்தியாச்சு. இனிமே நின்னா தையல்கடைக்காரர் என்னையே வெட்டித் தைச்சுடுவார். கடைசியாக் கேட்கறேன். பெரிசு?

ஓவியன்: ...அது கண்காட்சிக்கு வரலண்ணே.

வேன்காரர்: அவங்க கேட்டா என்ன சொல்லட்டும்?

ஓவியன்: நடுச் சுவருக்கு வேற படம் பார்த்துக்கச் சொல்லுங்க. இதைத் தனியா ஏத்துங்க. தொழிலாளர் ஆபீஸ்ல இறக்கணும். மூணு மணிக்குள்ள. நானும் கூட வரேன்.

வேன்காரர்: இந்த வார்த்தையை அப்பவே சொல்லியிருக்கலாம். நான் கயிறு எடுத்துட்டு வரேன்.

ஓவியன்: அதிகாரிகிட்ட நானே சொல்லிடறேன். நான்தான் நிறுத்தினேன்னு. ஆனா அக்கா... வந்ததுல இருந்து நீ ஒவ்வொண்ணாக் கேட்டே. றெக்கை, சக்கரம், ஸ்டூல். கலரை எப்படி கலந்தேன்னு வேற கேட்டே. உனக்கு முன்னாடியே தெரியும். எப்ப தெரியும்?

அக்கா: அன்னைக்குச் சாயங்காலமே. அவரைக் கீழ பார்த்ததும் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன்ல, அப்ப விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சு. எங்க ஷெட்ல எதுவும் அவ்வளவு நேரம் ஈரமா இருக்காது. வெளிய வெளிச்சத்துல விரலைப் பார்த்தேன். அழுக்கு மஞ்சள். என் ரூம்ல இருக்கிற எந்த டப்பாவுலயும் அந்தக் கலர் கிடையாது.

ஓவியன்: பெருவிரல்...

அக்கா: பெருவிரல் ரேகை முழுசா பதிஞ்சிருந்துச்சு.

ஓவியன்: அப்போ ஏன்க்கா யாரும் என்கிட்ட வரல? அதிகாரி மறுநாள் வந்து பார்த்தாரே...

அக்கா: அவர் வர்றதுக்கு முன்னாடி விடியற்காலையில போய் நான்தான் தின்னர் போட்டுத் துடைச்சேன், கூடப் பிறந்தவனாச்சேன்னு. நான் துடைச்சதாலதான் பழி அவர் மேல விழுந்துச்சு. நோட்டுல வேற ஒண்ணும் எழுதலன்னு சொன்னேனே, அது பொய். முழிப்பு வந்த நாள்ல இருந்து தினமும் ஒரே வரியைத்தான் எழுதி எழுதிக் காட்டறார். “ஃபேனை நிறுத்தினது யாரு?” தெரியலைங்கன்னு நானும் தலையை ஆட்டிக்கிட்டே இருக்கேன். ஆபீஸ் மூணு மணிக்குத்தான். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வா. அந்த வரிக்குக் கீழ உன் கையால எழுது.